மொட்டைமாடிக் குழாய் வரை

எங்கள் வேதியியல் துறைக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு குழாய் உண்டு. தரைத்தளத்து என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) கூடத்தில் புறப்பட்டு, சுவரோடு ஒட்டி ஏறி, கைப்பிடிச் சுவரைத் தாண்டியதும் கழுத்தை வளைத்துக் கவிழ்ந்து நிற்கும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த வளைவு. ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒருநாள் அதன் வாயருகே கை வைத்துப் பார்த்தேன். மணம் இல்லை, நிறம் இல்லை, காற்று படுவதுபோலக்கூட இல்லை. அந்த நேரத்திலும் அதன் வழியே ஹீலியம் போய்க்கொண்டுதான் இருந்தது.

கூடத்தைப் பார்த்துக்கொண்ட தொழில்நுட்பரை மாணவர்கள் எல்லோரும் அண்ணா என்றே கூப்பிடுவோம். கீழே வந்து அவரிடம் சொன்னேன். "கை வெச்சா என்ன தெரியும் தம்பி? அது எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சா, அந்தக் குழாயப் பாத்தாலே வயித்தக் கலக்கும்" என்றார். அப்போது எனக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்துகொண்டேன், இன்றுவரை அந்தக் குழாயை நிம்மதியாகப் பார்க்க முடிந்ததில்லை.

ஹீலியம் பிறப்பது பாறைக்குள். நிலத்தின் ஆழத்தில் கருங்கல்லிலும் அதுபோன்ற பழம்பாறைகளிலும் யுரேனியமும் தோரியமும் சிறிது சிறிதாகக் கலந்திருக்கின்றன. யுரேனிய அணு நிலையாக இருக்கும் அணு அன்று. அது உடையும்போது ஆல்ஃபா துகளை வெளியே எறிகிறது. இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான். அந்தத் துகள் சுற்றியுள்ள பாறையில் மோதி வேகம் தணிந்து, இரண்டு எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொண்டதும் ஹீலிய அணு. ஒரு யுரேனியம்-238 அணு கடைசியில் ஈயமாகி அடங்குவதற்குள் எட்டு ஹீலிய அணுக்களைப் பெற்றுப் போடுகிறது. ஆனால் ஒரு பிடி யுரேனியத்தில் பாதி உடைய ஏறக்குறைய 450 கோடி ஆண்டு ஆகும். பூமியின் வயதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இத்தனை மெதுவாகத் தயாராகும் பொருளை வேறெங்கும் நாம் இவ்வளவு அவசரமாகச் செலவழிப்பதில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நடந்தவர்கள் காலடியிலும் இந்தப் பிறப்பு நடந்துகொண்டிருக்கிறது. அங்குள்ள மணலில் மோனசைட் உண்டு, மோனசைட்டில் தோரியம் உண்டு. ஒவ்வொரு மோனசைட் பருக்கையும் தன்னுள்ளே துளியினும் துளியாக ஹீலியத்தைச் சிறைவைத்திருக்கிறது. ஆனால் அதை எடுத்து, ஹீலியத்தால் குளிரும் எங்கள் கூடத்துக் காந்தத்தை நிரப்ப முடியாது. அதற்குப் பல கோடி ஆண்டு கசிந்து சேர்ந்த பெருந்தேக்கம் வேண்டும். மேலே மூடி இறுகிய ஒரு பாறை வேண்டும்.

மனிதன் இந்தத் தனிமத்தை முதலில் பார்த்தது பூமியில் அன்று. 1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம். அன்றைய மதராஸ் மாகாணத்துக் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ழான்சன் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தார். மதராஸ் வானாய்வகத்தின் தலைவர் நார்மன் பாக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். நிலா சூரியனை மறைத்ததும் விளிம்பில் எழுந்த செந்தழல்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குப் பளிச்சென்ற கோடுகள் தெரிந்தன. அவற்றில் ஒன்று மஞ்சள். சோடியம்தான் என்று நினைப்பது எளிது. உப்பை நெருப்பில் போட்டால் எரியும் அதே நிறம். ஆனால் அது சோடியக் கோட்டின் இடத்தில் சரியாக உட்காரவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர் கிரகணம் இல்லாமலேயே அந்தக் கோட்டைப் பார்த்தார். சூரியனுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரும் வந்தது. நம் பக்கத்து வானத்தின் கீழ் கண்ணில் பட்ட பொருள் என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பாசம், மறைக்க விரும்பவில்லை. பூமியில் அதைக் கண்டுபிடிக்க இன்னும் 27 ஆண்டு பிடித்தது. 1895-இல் லண்டனில் வில்லியம் ராம்சே யுரேனியத் தாது ஒன்றை அமிலத்தில் போட்டு வந்த வாயுவை ஆராய்ந்தபோது, அதே மஞ்சள் கோடு.

1908 ஜூலை 10-ஆம் தேதி நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஒன்னஸ் அதைத் திரவமாக்கினார். அவருக்கு ஹீலியம் கிடைத்தது மோனசைட் மணலைச் சூடாக்கித்தான். நாள் முழுக்க உழைத்துக் கிடைத்த திரவம் 60 மில்லிலிட்டர், ஒரு காபி டம்ளர் நிறையாது. வெப்பநிலை மைனஸ் 269 டிகிரி. மூன்று ஆண்டு கழித்து, அதே குளிரில் பாதரசத்தின் மின்தடை திடீரென்று இல்லாமல் போவதை அவருடைய ஆய்வகம் கண்டது. மீக்கடத்தி என்று இன்று சொல்கிறோம். தடையே இல்லாத கம்பியில் சுருள் சுற்றினால் எவ்வளவு வலுவான காந்தம் கிடைக்கும் என்று ஒன்னஸும் கணக்குப் போட்டார். ஆனால் ஈயக் கம்பிச் சுருளில் காந்தப் புலம் கொஞ்சம் ஏறியதும் மீக்கடத்தும் தன்மை ஓடிப்போயிற்று. வலுவான புலத்திலும் தாக்குப்பிடிக்கும் நயோபியம்-டின், நயோபியம்-டைட்டானியம் கம்பிகள் வர 1960-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கம்பிகள் வந்த பிறகுதான் எங்கள் கூடத்தில் நிற்பது போன்ற காந்தங்கள் சாத்தியமாயின.

இனி, எங்கள் குழாய் வழியே போகும் ஹீலியம் வந்த பாதை. இந்தியா தனக்கு வேண்டிய ஹீலியத்தில் ஏறக்குறைய முழுவதையும் வெளியிலிருந்துதான் வாங்குகிறது; அதில் பெரும் பங்கு கத்தாரிலிருந்து. பாரசீக வளைகுடாவின் அடியில் கத்தாரும் ஈரானும் பங்குபோட்டுக்கொள்ளும் மாபெரும் எரிவாயு வயல் இருக்கிறது. சுமார் 25 கோடி ஆண்டுப் பழமையான பாறைகள். கீழிருந்து கசிந்து ஏறிய ஹீலியம் அங்கே எரிவாயுவோடு சேர்ந்து, மேலே இறுகிய படிவப் பாறைகளால் மூடப்பட்டு மாட்டிக்கொண்டது. பத்தாயிரம் பங்கு வாயுவில் ஹீலியம் நான்கைந்து பங்குதான். அந்தச் சொற்பத்தைத் தனியே பிரிப்பது வேறெங்கானால் கட்டுப்படியாகாது. கத்தாரில் கட்டுப்படியாவதற்குக் காரணம், அந்த எரிவாயுவைக் கப்பலில் ஏற்ற எப்படியும் மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்குகிறார்கள். மீத்தேன் திரவமாகிக் கீழே நிற்கும். ஹீலியமும் கொஞ்சம் நைட்ரஜனும் வாயுவாகவே மேலே மிஞ்சும். ராஸ் லஃபான் தொழில்நகரில் அந்த மிச்சத்தைப் பிடித்துச் சுத்தமாக்கி, மேலும் குளிரவைத்து ஹீலியத்தைத் திரவமாக்குகிறார்கள். அந்த நாட்டு எரிவாயுவை உலகம் வாங்காமல் விட்டால் நம் காந்தத்துக்கு ஹீலியமும் இல்லை. சென்னை அடுப்புக்கும் ஜப்பானிய மின்நிலையத்துக்கும் எங்கள் காந்தத்துக்கும் ஒரே ஊற்று என்பதை நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது யோசித்ததே இல்லை.

ராஸ் லஃபானில் திரவ ஹீலியம் ஏறும் பெட்டி, துறைமுகத்தில் நாம் பார்க்கும் 40 அடி கன்டெய்னரின் நீள அகலம் உடையது. உள்ளே பெரிய ஃபிளாஸ்க். இரண்டு சுவருக்கு நடுவில் வெற்றிடம், அதற்குள் திரவ நைட்ரஜனால் குளிரூட்டிய ஒரு கவசம், அதற்கும் உள்ளே ஹீலியம். 41,000 லிட்டர் கொள்ளும். அவ்வளவு தண்ணீர் 41 டன் எடை இருக்கும். ஹீலியமோ 5 டன்னைத்தான் தொடும். கன்டெய்னர் புறப்பட்ட கணத்திலிருந்து கணக்கு ஓட ஆரம்பிக்கும். எவ்வளவு நல்ல ஃபிளாஸ்க்கானாலும் வெப்பம் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். உள்ளே அழுத்தம் மெதுவாக ஏறும். ஏறக்குறைய ஒன்றரை மாதம் தாங்கும். அதற்குள் இறக்கிப் பங்கிட்டாக வேண்டும், இல்லையென்றால் அழுத்தத்தைத் தணிக்க வால்வு திறந்துகொள்ளும்; பணமும் பாறையின் பல கோடி ஆண்டும் நடுக்கடலில் காற்றோடு போகும்.

2017 ஜூனில் கத்தாரோடு அண்டை நாடுகள் உறவை முறித்து எல்லையை மூடியபோது, ஹீலியம் கன்டெய்னர்கள் தரைவழியே துபாயின் ஜெபல் அலி துறைமுகம் போகும் வழி அடைபட்டது. ராஸ் லஃபானின் இரண்டு ஹீலிய ஆலைகளும் சில வாரம் நின்றன. உலகத்தின் தேவையில் கால் பங்குக்கும் மேல் கொடுத்துவந்த ஆலைகள் அவை. இவ்வளவு தொலைவில் நடந்த ஓர் அரசியல் சண்டையால் எங்கேயோ ஒரு பல்கலைக்கழகத்துக் கூடத்தில் ஒருவர் லெவல் மீட்டரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பார். எனக்கு அவரைத் தெரியும் என்றே தோன்றுகிறது.

இந்தியத் துறைமுகத்தில் இறங்கும் ஹீலியத்தைப் பங்கிடும் நிறுவனம் அதைச் சிறிய பாத்திரங்களில் நிரப்புகிறது. டிவார் என்பார்கள். 100 லிட்டர், 250 லிட்டர் என்று, சக்கரம் வைத்த, குள்ளமான, கழுத்து நீண்ட எவர்சில்வர் குடம். லாரியில் ஏறி எங்கள் வளாகத்துக்கு வரும்போது அதில் எழுதிய அளவு இருக்காது. வரும் வழியில் கொஞ்சம் ஆவியாகியிருக்கும். திரவ ஹீலியத்தின் நோஞ்சான் தன்மையைக் கேட்டால் நம்ப முடியாது: வெறும் 0.7 வாட் வெப்பம் உள்ளே போனால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் கொதித்துப் போகும். வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பின் வெப்பம் முழுதும் போய்ச் சேர்ந்தால் மணிக்குப் 12 லிட்டருக்கு மேல். அதனால்தான் டிவார் வந்து இறங்கிய அன்றே ஃபில்லிங், அதாவது காந்தத்தை நிரப்புதல்.

ஃபில்லிங் நாள் என்றால் கூடத்தில் ஒரு திருவிழாவும் ஒரு அறுவை சிகிச்சையும் சேர்ந்து நடக்கும். முதல்நாளே அறிவிப்பு ஒட்டிவிடுவார்கள்: நாளை சாம்பிள் வாங்கப்படமாட்டாது. காலையில் அண்ணா ஜன்னலையும் கதவையும் திறந்து வைப்பார். சுவரில் ஆக்சிஜன் மீட்டர். திரவ ஹீலியம் ஒரு லிட்டர் ஆவியானால் 700 லிட்டருக்கு மேல் வாயுவாகும். மூடிய அறையில் அது மேலிருந்து நிரம்பிக்கொண்டே வந்து மூச்சுவிடும் காற்றை வெளியே தள்ளிவிடும். மணமும் எச்சரிக்கையும் கிடையாது. அதனால் மீட்டர் அலறினால் எதையும் எடுக்காமல் வெளியே ஓட வேண்டும் என்பது முதல் பாடம். இரும்பு ஏணி கூடாது, அலுமினிய ஏணிதான். சாவிக்கொத்து, பர்ஸ், செல்போன் எல்லாம் வெளி மேசையில். தரையில் மஞ்சள் கோடு, அதைத் தாண்டிப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வரவே கூடாது.

டிவாருக்கும் காந்தத்துக்கும் நடுவே டிரான்ஸ்ஃபர் லைன் என்ற இரட்டைச் சுவர்க் குழாய். இரண்டு கால் உள்ள நாகம்போல இருக்கும். முதலில் ஒரு காலை மட்டும் டிவாருக்குள் மெல்ல, மிக மெல்ல இறக்குவார். குழாய் சூடாக இருப்பதால் உள்ளே போகப் போக ஹீலியம் சீறும். மறுகாலின் முனையில் முதலில் ஒன்றும் வராது. பிறகு பனிமூட்டம்போல ஒரு வெண்புகை. சற்றுக் கழித்து அந்தப் புகை மெலிந்து, இறுகி, கத்தி முனைபோல நேராகப் பாயும். "வந்துடுச்சு" என்பார் அண்ணா. அந்த நொடியில்தான் மறுகாலைக் காந்தத்தின் கழுத்துக்குள் இறக்க வேண்டும். முன்னதாக இறக்கினால் சூடான வாயு உள்ளே இருக்கும் திரவத்தைக் கொதிக்க வைத்துவிடும். தாமதித்தால் வாங்கியது வீண். கழுத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தயங்கினாலோ அதைவிட மோசம், வெளிக்காற்று உள்ளே போய் உறைந்து கல்லாகிக் கழுத்தை அடைத்துவிடும். அடைபட்ட கழுத்துக்குக் கீழே ஆவியாகிக்கொண்டிருக்கும் ஹீலியத்துக்குப் போக வழி இருக்காது. அந்த அச்சம் ஒவ்வொரு ஃபில்லிங்கிலும் அண்ணாவின் முகத்தில் இருக்கும். பதினெட்டு ஆண்டு செய்தவர், அப்போதும் இருக்கும். வெளியேறும் குழாயின் மேல் பனி படர்ந்து, அதன்மேல் காற்றே திரவமாகிச் சொட்டும். முக்கால் மணி நேரம் யாரும் பேச மாட்டோம். லெவல் மீட்டர் 60, 70, 85 என்று ஏறும். முடிந்ததும் அண்ணா கையுறையைக் கழற்றிவிட்டுத் தேநீர் கேட்பார்.

அப்படி இறங்கிய ஹீலியம் என்ன செய்கிறது? சும்மா இருக்கிறது. அதுதான் அதன் வேலை.

காந்தம் என்று நாங்கள் சொல்வது ஆளுயரத்துக்கும் மேலான வெள்ளை உருளை. அதன் நடுவே, நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை நிரப்பும் ஹீலியக் குளத்துக்குள் கம்பிச் சுருள் மூழ்கி இருக்கிறது. சுற்றி வெற்றிடம், அதற்கும் வெளியே வாரம் ஒருமுறை நிரப்பும் திரவ நைட்ரஜன். சுருளில் ஓடும் மின்னோட்டம் சுமார் நூறு ஆம்பியர். காந்தத்தை நிறுவிய நாளில் ஒருமுறை ஏற்றினார்கள், பிறகு மின்கம்பியையே கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தடை இல்லாத கம்பி என்பதால் அந்த மின்னோட்டம் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது, ஆண்டுக்கணக்காக. 2012-இல் தமிழ்நாட்டு மாவட்டங்களில் நாளில் பாதிக்குமேல் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, நினைவிருக்கும். விளக்கு போகும், ஏசி போகும், யுபிஎஸ் ஒப்பாரி வைக்கும், கணினி அணையும். இருட்டில் அந்த உருளை மட்டும் எதுவும் நடக்காததுபோல நிற்கும். ஒரு நூலில் ஊக்கைக் கட்டி அதன் அருகே பிடித்தால் ஊக்கு நூலை இழுத்துக்கொண்டு காந்தத்தின் பக்கம் சாய்ந்து நிற்கும். புதிதாக வரும் மாணவர்களுக்கு நாங்கள் காட்டும் முதல் வேடிக்கை அது. எங்கள் 500 மெகாஹெர்ட்ஸ் காந்தத்தின் புலம் 11.7 டெஸ்லா; திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் புலத்தைவிட ஏறக்குறைய மூன்று லட்சம் மடங்கு.

இவ்வளவு வலு எதற்கு என்று ஒருமுறை ஆய்வாளர் ஒருவரின் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஹைட்ரஜன் அணுவின் கரு, அதாவது புரோட்டான், ஒரு குட்டிக் காந்தம். வெளிக் காந்தப் புலத்தில் வைத்தால் அவற்றில் கொஞ்சம் புலத்தின் பக்கம், கொஞ்சம் எதிர்ப்பக்கம். அறை வெப்பநிலையின் ஆட்டத்தில் இரு பக்கமும் கிட்டத்தட்டச் சமம். எங்கள் காந்தத்தில்கூட ஒரு லட்சம் கருக்களுக்கு நான்குதான் ஒரு பக்கம் அதிகம். அந்த நான்கின் குரலைத்தான் நாங்கள் கேட்கிறோம். புலம் குறைந்தால் அந்த நான்கும் குறையும். ரேடியோ அலையால் ஒரு தட்டு தட்டினால் அவை கோயில் மணிபோல அதிர்ந்து, ஒலித்து, அடங்கும். பக்கத்தில் ஆக்சிஜன் இருக்கும் ஹைட்ரஜன் ஒரு சுருதியில், பக்கத்தில் கார்பன் மட்டும் இருக்கும் ஹைட்ரஜன் இன்னொரு சுருதியில். எது எதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை மூலக்கூறைத் தொடாமலே, உடைக்காமலே கேட்டுவிடலாம். 1951-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் எத்தில் ஆல்கஹாலின் ஹைட்ரஜன்கள் மூன்று தனிச் சிகரங்களாகத் தெரிந்ததை அறிவித்த மூவரில் ஒருவர் தர்மத்தி. பின்னர் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தத் துறையை வளர்த்தவர். அன்றைய மூன்று சிகரங்களிலிருந்து வந்த வழியில்தான் இன்று நாங்கள் புரதத்தின் வடிவத்தையும் மருந்தின் தூய்மையையும் படிக்கிறோம். மருத்துவமனைகளில் எம்ஆர்ஐ எடுக்கும் இயந்திரமும் இதே குடும்பம்தான். அதன் வயிற்றிலும் ஹீலியம்தான்.

இது எங்கள் துறையின் காந்தம் மட்டும் இல்லை. சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்து கூரியரில் சாம்பிள் வரும். பஞ்சு வைத்த சிறு குப்பிகள், உடன் ஒரு படிவம், கட்டண ரசீது. என்னென்ன கரைப்பானில் கரையும், புரோட்டானா கார்பனா, இரு பரிமாணமா என்று படிவத்தில் எழுதியிருப்பார்கள். ஒருமுறை ஒரு கிராமத்துக் கல்லூரி மாணவி நிலவேம்பிலிருந்து பிரித்தெடுத்த வெண்பொடியைக் குப்பியில் எடுத்துக்கொண்டு பேருந்தில் நேரிலேயே வந்துவிட்டாள். கூரியரில் தொலைந்துவிடுமோ என்ற பயம். நான்கு மாதம் காய்ச்சி வடித்து அவளிடம் இருந்தது அந்தப் பத்து மில்லிகிராம்தான். "இது ஆண்ட்ரோகிராஃபோலைடுதானான்னு மட்டும் சொல்லுங்கண்ணா, கைடு கேக்குறாங்க" என்றாள். ஐந்து மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடிக் குழாய், பென்சிலைவிட மெல்லியது. அதில் டியூட்டீரியம் ஏற்றிய கரைப்பானில் பொடியைக் கரைத்து அரை மில்லிலிட்டருக்குச் சற்று மேல் ஊற்றினோம். குழாயைக் காந்தத்தின் உச்சித் துளையில் வைத்தால் காற்று அதை ஏந்திக்கொண்டு மெல்லக் கீழே இறக்கும். பிறகு லாக், அதாவது புலம் நகராமல் பிடித்துவைப்பது; பிறகு ஷிம். ஷிம் என்பது புலத்தைச் சீராக்கும் வேலை. குழாயின் அடிக்கும் நடுவுக்கும் இடையே நூறு கோடியில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலும் சிகரங்கள் மங்கிவிடும். திரையில் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தபோது அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். புத்தகத்தில் இருந்த எண்களோடு ஒத்துப்போயிற்று. அதே பொடிதான்.

கத்தார்ப் பாறையில் கிடந்த அணுக்கள் அந்த இருபது நிமிடம் அவளுக்காகக் குளிராக இருந்தன. வேறு எதுவும் செய்யவில்லை. செய்ய வேண்டியதும் இல்லை.

அப்படியே இருந்துவிட்டால் நல்லது. ஆனால் அது இருப்பதில்லை. எத்தனை சுவர் போட்டாலும் வெப்பம் நுழைகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் கொதித்து வாயுவாகி, கழுத்து வழியே ஏறி, சுவர்க் குழாயில் நுழைந்து, மொட்டைமாடிக்குப் போகிறது. அங்கே வெளிக்காற்றில் கலந்ததும் உடனே விண்வெளிக்குப் பறந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வளவு சீக்கிரம் இல்லை. காற்றில் பத்து லட்சத்துக்கு ஐந்து பங்கு என்ற அளவில் கரைந்து திரிந்துகொண்டிருக்கும். ஆனால் அவ்வளவு மெலிதாகக் கலந்ததை மீண்டும் பிடித்தெடுக்க ஆகும் செலவில் யாரும் வாங்க முடியாது. வளிமண்டலத்தின் உச்சிவரை ஏறும் அணுக்கள் காலப்போக்கில் பூமியை விட்டே போய்விடும். இரும்பைத் தொலைத்தால் துருவாக இங்கேயே கிடக்கும். தண்ணீரைக் கொட்டினால் மழையாகத் திரும்பும். தொலைத்தபின் நம்மோடு தங்காத தனிமம் என்று நான் தினமும் புழங்கியது இது ஒன்றுதான்.

அதன் வலி என்னவென்று 2012-13-இல் எங்களுக்குத் தெரிந்தது. உலகம் முழுவதும் ஹீலியத் தட்டுப்பாடு. அமெரிக்க அரசு டெக்சஸ் மாநிலத்து அமரில்லோ அருகே நிலத்தடியில் பல பத்தாண்டாகச் சேர்த்து வைத்திருந்த இருப்பை விற்றுத் தீர்க்கச் சட்டம் போட்டிருந்தது. விற்பனை எப்படித் தொடரும் என்பது குழப்பத்தில் கிடந்தது. மற்ற ஆலைகளும் ஒன்று மாற்றி ஒன்று பழுதாகின. எங்களுக்குச் சப்ளை செய்தவர்கள் இன்று, நாளை, அடுத்த மாதம் என்றார்கள். கூடத்தில் அப்போது இரண்டு காந்தங்கள். 500, அதற்கு மூத்த 300. டிவார் ஒன்றுதான் கிடைக்கும் என்று உறுதியானபோது இரண்டில் எதைக் காப்பாற்றுவது என்று பேசினோம். பேச அதிகம் இல்லை, 300-ஐத்தான் விட வேண்டும். 300-இல் தங்கள் முதல் ஸ்பெக்ட்ரத்தை எடுத்தவர்கள்தான் அந்த மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும்.

ஹீலியம் தீர்ந்து மின்னோட்டம் தறிகெட்டுப் போவதற்கு முன் நாமே அதை இறக்கிவிடுவது பாதுகாப்பு. இல்லாவிட்டால் க்வெஞ்ச்: கம்பியின் ஓரிடம் சூடாகி, மீக்கடத்தும் தன்மை போய், மிச்சமிருக்கும் ஹீலியம் முழுவதும் சில நிமிடத்தில் சீறி வெளியேறும். பொறியாளர் வந்து கம்பியை மாட்டினார். கழற்றி எத்தனை ஆண்டு ஆனது என்று அவருக்கே தெரியாது. அம்மீட்டரில் எண் மெதுவாக இறங்கியது. அண்ணா நூலில் கட்டிய ஊக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். முதலில் சாய்ந்தே இருந்த ஊக்கு, சிறிது சிறிதாக நிமிர்ந்து, கடைசியில் எந்த ஊக்கும் தொங்குவதுபோல நேராகத் தொங்கியது. அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று தேநீர் கேட்கவில்லை.

அதன் பிறகு 2018-20, 2022 என்று பஞ்சம் திரும்பத் திரும்ப வந்தது. 2022 ஜனவரியில் ரஷ்யாவின் அமூர் ஆலையில் வெடிப்பு, அடுத்த மாதமே உக்ரைன் போர். ஒவ்வொரு முறையும் விலை ஏறும். ஏறியது பழைய இடத்துக்கு இறங்காது. நான் சேர்ந்த ஆண்டுக்கும் இன்றைக்கும் நடுவே ஒரு டிவாரின் விலை பல மடங்கு ஆகிவிட்டது. வெளிக் கல்லூரி மாணவர்களுக்கான கட்டணத்தை ஏற்றினோம். நிலவேம்பு மாணவியைப் போன்றவர்களுக்கு அந்த ஏற்றம் எவ்வளவு கடினம் என்று தெரிந்தேதான் ஏற்றினோம். வேறு வழி இருந்தது, ஆனால் அதை நாங்கள் தாமதமாகத்தான் கண்டோம்: குழாயைத் திருப்புவது.

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் ஆவியாகும் ஹீலியத்தைச் சேர்த்துத் திரும்பத் திரவமாக்கும் வசதி உண்டு. சிறிய பல்கலைக்கழகங்களில் அது பெரிய இடத்து விஷயம் என்று பல காலம் ஒதுக்கியே வைத்தோம். அந்த எண்ணம் தவறு என்று இன்று உறுதியாகச் சொல்வேன். நாளுக்கு இருபது லிட்டர் திரவமாக்கும் இயந்திரம் ஒரு பீரோ அளவுதான். இயற்பியல் துறையும் நாங்களும் சேர்ந்து நிதி கேட்டோம். கிடைக்க நான்கு ஆண்டு. காந்தத்திலிருந்து மாடிக்குப் போன சுவர்க் குழாயில் ஒரு கிளை வெட்டி, பக்கத்து அறைக்குத் திருப்பினார்கள். அந்த அறைதான் 300 இருந்த அறை. மூத்த காந்தம் மூலையில் வெறுமனே நிற்கிறது. நடுவில் கூரையிலிருந்து தொங்கும் ஒரு பெரிய பை, லாரித் தார்ப்பாய்போல அழுத்தமான துணி. அதில் ஹீலியம் வந்து சேரும். பை நிரம்பியதும் கம்ப்ரசர் ஓடி அதைச் சிலிண்டருக்குள் அடைக்கும். அங்கிருந்து தூய்மையாக்கி, பீரோவுக்குப் போய்த் திரவமாகி, மறுபடி டிவார்.

மாடிக் குழாய் அப்படியே இருக்கிறது. க்வெஞ்ச் வந்தால் அவ்வளவு வாயு வெளியேற அது வேண்டும். ஃபில்லிங்கின்போது இப்போதும் கொஞ்சம் தப்பிப் போகிறது. இணைப்புகளில் கசிவு தேடும் சிறு கருவியோடு வாரம் ஒருமுறை நடக்கிறோம். பத்தில் ஒன்று கிடைக்காமல் போகிறது என்று கணக்குப் பார்த்து, அந்த ஒன்றையும் தேடுகிறோம்.

ஓய்வுபெற்ற பிறகு அண்ணா ஒருநாள் வந்தார். பையைச் சுற்றி வந்து, அடிப்பக்கம் கை வைத்து அழுத்திப் பார்த்தார். பாதிதான் நிரம்பியிருந்தது. ஃபில்லிங் எப்போது என்று கேட்டார். அடுத்த வியாழக்கிழமை என்றேன்.

"அன்னைக்கு நானும் வரேன் தம்பி. கழுத்துல இறக்குறப்ப மட்டும் எனக்குக் குடுங்க" என்றார்.